உறையும் எண்ணெயும் உறங்காத சாரதியும்

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவிற் குடியிருப்போர் அறிந்த காட்சி இது. அதிகாலையில் தாளிதத்துக்கென்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சரித்தால் ஒரு துளியும் விழாது. முதல்நாள் தெளிந்த நீர்போல் இருந்த எண்ணெய் இரவுக் குளிரில் வெண்கட்டியாக உறைந்திருக்கும். அடுப்பருகே சற்று வைத்தால் இளகிவிடும். இல்லத்தரசியின் கவலையும் அத்துடன் தீரும்.

இதே தொல்லை ஒரு லொறியின் எண்ணெய்த் தாங்கியில் நேர்ந்தால் என்ன செய்வது? நாற்பது தொன் எடையுள்ள வண்டியை அடுப்பருகே கொண்டுபோக முடியுமா? வட அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளிலே பனிக்காலந்தோறும் சாரதிகளை வாட்டும் வினா இது. அதனை ஆராய்ந்தால் இரசாயனத்திலே ஒரு பாடமும், கணக்கிலே ஒரு பாடமும், நீதியிலே ஒரு பாடமும் நமக்குக் கிடைக்கின்றன.

முதலில் இரசாயனம். டீசல் எண்ணெயிலே மெழுகு கரைந்திருக்கிறது. அது குற்றமன்று, இயந்திரத்துள் எளிதிலே தீப்பற்றி நன்றாக எரிவதற்கு அம்மெழுகினமே பெருந்துணை. ஆனால் வெயிலில் நண்பனாயிருப்பது குளிரிலே பகையாகிவிடுகிறது. வெப்பம் குறையக் குறைய மெழுகு நுண்ணிய பளிங்குகளாகப் பிரிந்து எண்ணெயை மங்கச் செய்யும். இதனை முகில் நிலை என்பர். மேலும் குளிர்ந்தால் அப்பளிங்குகள் எண்ணெய் வடியின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதற்கும் அப்பாற் சென்றால் எண்ணெய் ஓட்டமே அற்றுக் களிபோலாகும். லொறி நிற்பதற்கு இந்த மூன்றாம் நிலை வரவேண்டியதில்லை; இரண்டாம் நிலையே போதும். தாங்கி நிறைய எண்ணெய் இருக்க, இயந்திரம் பட்டினியால் மடியும்.

அமெரிக்காவிலே டீசல் இருவகைப்படும். வழக்கமாக விற்கப்படுவது இரண்டாம் இலக்க டீசல். ஊருக்கும் ஆலைக்கும் ஏற்ப வேறுபட்டாலும், அது ஏறக்குறையப் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸ் அளவில் மங்கத் தொடங்கும். முதலாம் இலக்க டீசல் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. மெழுகு மிகக் குறைவு. பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை அளவிலும் தெளிவாயிருக்கும். குளிர்காலக் கலவை என்பது இவ்விரண்டையும் அளவறிந்து சேர்ப்பதேயாகும். பத்து வீதம் முதலாம் இலக்கம் சேர்த்தால், வடி அடைபடும் நிலை ஏறத்தாழ 2 பாகை கீழிறங்கும் என்பது அனுபவஸ்தர் கணக்கு.

நம் நாட்டிலே டீசலில் மண்ணெண்ணெய் சேர்ப்பவனைக் கலப்படக்காரன் என்கிறோம். பனிநாட்டிலோ அதனை ஒத்ததைச் சேர்க்காதவன் வழியிலே நிற்கிறான். ஒரே செயல், இடத்தைப் பொறுத்து மோசடியாகவும் மருந்தாகவும் ஆவதைப் பாருங்கள்.

இனிக் கணக்கு. ரெக்சாஸ் மாநிலத்தின் லரேடோ நகரில் தொடங்கி மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் முடிகிறது 35ஆம் இலக்க நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 1,570 மைல். பெரிய லொறி ஒன்றின் இரு தாங்கிகளும் சேர்ந்து 250 கலன் கொள்ளுமாயின், கலனுக்கு ஆறரை மைல் வீதம் 1,600 மைலுக்கு மேல் ஓடலாம். தெற்கிலே, சுத்திகரிப்பு ஆலைகளின் அருகிலே, எண்ணெய் பொதுவாக மலிவு. ஆகவே அங்கேயே இரு தாங்கிகளையும் நிரப்பிக்கொண்டு வடக்கே போகலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். ஆனால் அந்த எண்ணெய் தெற்கின் இளங்குளிருக்கென விற்கப்பட்டது. டுலூத்திலோ தை மாதத்துச் சில இரவுகளிலே பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகைக்கும் அப்பாற் குளிர் இறங்கும். சாரதி கோட்டும் கையுறையும் அணிந்துகொள்கிறான். அவனுடன் வந்த எண்ணெய்க்கு அணிவிக்க எதுவுமில்லை.

ஓடும்போது அவ்வளவு அபாயமில்லை. இயந்திரத்திலிருந்து திரும்பிவரும் சூடான எண்ணெய் தாங்கியை ஓரளவு வெதுவெதுப்பாக வைத்திருக்கும். இரவிலே நிறுத்தும்போதுதான் இடர். பதினொரு மணி நேரம் ஓட்டியவர் மீண்டும் ஓட்டுமுன் தொடர்ச்சியாகப் பத்து மணி நேரம் ஓய்ந்திருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அவ்வளவு நேரமும் இயந்திரத்தை ஓடவிட்டால் மணிக்கு முக்காற் கலனுக்கு மேல் வீணாகும். ஓரிரவுக்கு எட்டுக் கலன். பல மாநிலங்களிலும் நகரங்களிலும் இயந்திரத்தை வீணே ஓடவிடுவதற்குத் தடையும் உண்டு.

கலவை வாங்கினால் எவ்வளவு செலவு? முதலாம் இலக்கம் கலனுக்கு 60 சதம் அதிகம் என வைத்துக்கொள்வோம். 200 கலனிற் பாதி அதுவாயின், மேலதிகச் செலவு 60 டொலர். அது அடர்த்தி குறைந்த எண்ணெயாதலால் வலுவும் நூற்றுக்குச் சில வீதம் குறைவு. எனவே அதே எண்ணெயிலே ஓடும் தூரமும் சிறிது குறையும். அதிக விலை கொடுத்துக் குறைந்த பலனைப் பெறும் இந்த வாணிபம் எவருக்கும் கசக்கும். கசந்தாலும், வெறிச்சோடிய சாலையில் உறைந்த வண்டியை இழுத்துச்செல்ல ஆள் அழைத்தால் வரும் செலவு இதனிற் பல மடங்கு. சரக்குத் தாமதத்தின் நட்டம் வேறு.

உறைவைத் தடுக்கும் மருந்துகளும் கடையிலே உண்டு. அவற்றை மெழுகு பிரியுமுன் ஊற்றவேண்டும். பளிங்குகளைச் சிறியனவாக வைத்திருப்பதே அவற்றின் வேலை. உறைந்து கட்டியானதைக் கரைப்பதன்று. வருமுன் காப்பவனுக்கே அவை பயன்படும்.

இறுதியாக நீதி. இச்செலவு யாரைச் சேர்வது? சொந்த லொறி வைத்திருக்கும் சாரதி தன் பணத்திலேயே எண்ணெய் வாங்குகிறார். விலையேற்றத்தை ஈடுசெய்யச் சரக்குக்காரர் ஒரு மேலதிகக் கட்டணம் கொடுப்பதுண்டு. ஆனால் அது பொதுவாக அமெரிக்க அரசு வாரந்தோறும் வெளியிடும் இரண்டாம் இலக்க டீசலின் சராசரி விலையையே அடிப்படையாகக் கொண்டது. 2022 ஆனி மாதத்திலே அச்சராசரி கலனுக்கு 5.80 டொலரைத் தாண்டியபோது கட்டணமும் உடன் ஏறியது. ஆனால் முதலாம் இலக்கத்துக்கான அந்த 60 டொலர் அக்கணக்கிலே தோன்றுவதில்லை. குளிரின் விலை சாரதியின் சட்டைப்பையிலிருந்தே போகிறது.

ஜெர்மனியில் வழக்கம் வேறு. அங்கே கார்த்திகை நடுவிலிருந்து மாசி இறுதிவரை விற்கப்படும் டீசல், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை வரை வடியை அடைக்காததாய் இருக்கவேண்டும் என்று தரவிதி எண் குறித்துக் கட்டளையிடுகிறது. அமெரிக்கத் தரவிதியோ அப்படி ஒரே எண்ணை விதிக்காமல், வட்டார வெப்பநிலைகளை வழிகாட்டியாகத் தந்து, மிகுதியை விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்க்க விட்டுவிடுகிறது. நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவிலே, லடாக் மலைச்சாலைகளில் ஓடுவோர் நெடுங்காலம் தாமே மண்ணெண்ணெய் கலந்து காலங்கழித்தனர். 2019 கார்த்திகையில் இந்தியன் ஒயில் நிறுவனம், பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகை வரை ஓட்டம் குன்றாத குளிர்கால டீசலைப் பானிப்பட்டு ஆலையிலே தயாரித்து அங்கு அனுப்பத் தொடங்கியது. தனிமனிதன் நடுச்சாலையிற் செய்த கலவையை ஆலை பொறுப்பேற்றது.

மாணவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். இரு சிறு போத்தல்களிலே தேங்காயெண்ணெய் எடுத்து, ஒன்றிற் பாதியளவு நல்லெண்ணெய் கலந்து, இரண்டையும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டிலே வைத்துச் சிறிது நேரத்துக்கொருமுறை பாருங்கள். தனி எண்ணெய் முந்தி உறையும், கலந்தது பிந்தும். அந்தப் பிந்துதலுக்காகத்தான் பனிநாட்டுச் சாரதி தன் உழைப்பிலே ஒரு பங்கைக் கொடுக்கிறார்.

குளிர்நாட்டிலிருந்து வரும் பண்டம் எதையும் கையில் எடுக்கும்போது அதன் விலைச்சீட்டைப் பார்க்கிறோம். அச்சீட்டில் எழுதப்படாத ஓர் அறுபது டொலரும், வண்டி விடியலிலே உயிர்க்குமோ என்று ஒருவர் உறங்காது கழித்த ஓரிரவும் அதிலே அடங்கியிருக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்வோமாக.