மலைக்காட்டில் மிதிவண்டி

கோடை விடுமுறைக்குக் குமாவுன் மலைகளுக்குச் செல்லும் நம் தில்லி இளைஞர்கள் மிதிவண்டியையும் உடன் கொண்டு செல்ல விரும்புவதுண்டு. நல்ல ஆசையே. எனினும் அக்காடுகளின் பருவத்தை அறிந்து செல்லுதல் நலம்.

அங்குள்ள சிர் பைன் மரங்கள் கோடையில் ஊசியிலைகளை உதிர்க்கின்றன. பிசின் நிறைந்த அச்சருகில் சக்கரம் வழுக்கும். ஒரு பொறி பட்டாலும் தீப்பற்றும். 2024-ல் விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரி நீரை முகந்து தீயின்மேல் ஊற்ற நேர்ந்தது. சரிவில் தீ மேல்நோக்கியே விரையும். ஆதலின் புகை கண்டால் மேலேறித் தப்ப எண்ணலாகாது. ஏற்றத்தில் மிதிப்பவர், அமர்ந்திருப்பவரைவிடப் பன்மடங்கு காற்றை உட்கொள்கிறார், புகையையும் அவ்வாறே.

ஜூன் இறுதியில் மழை வந்ததும் புகை அடங்கும், மண் இளகும். சக்கரம் கீறிய தடத்தில் நீரோடிப் பாதை அரிபடும். அதுவோ மலைப் பெண்கள் புல்லும் விறகும் சுமந்து நடக்கும் வழி. மண் உலரும்வரை பொறுத்திருப்பது நம் கடன்.

பெற்றோர்களே, பிள்ளைகளைத் தடுக்க வேண்டுவதில்லை. வெயில் ஏறுமுன் புறப்படவும், போதிய நீர் எடுத்துச் செல்லவும், வனத்துறையினர் அடைத்த வழியில் நுழையாதிருக்கவும் சொல்லி அனுப்புங்கள். பாதி வழியில் திரும்பி வருவதும் திறமையே என்பதையும் மறவாது சொல்லுங்கள்.