எண் போட்டால் அபூர்வம் ஆகிவிடுமா?

கடிகாரம் வாங்குவது மணி பார்க்க. ஆனால், வெறும் மணி பார்க்க யாரும் பல லட்சம் ரூபாய் கொடுப்பதில்லை. 500 ரூபாய்க் கடிகாரமும் மணி காட்டுகிறது. சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அதைவிடச் சரியாகக் காட்டுகிறது.

பிறகு எதற்காக அவ்வளவு பணம்?

"இது எல்லோரிடமும் இல்லை" என்ற பெருமைக்காக. "எனக்குப் பின் மகன் கட்டுவான், அவனுக்குப் பின் பேரன் கட்டுவான்" என்ற ஆசைக்காக.

சுவிட்சர்லாந்து நாட்டின் பெரிய கடிகாரக் கம்பெனிகள் விற்பது இந்தப் பெருமையைத்தான், இந்த ஆசையைத்தான். ஆனால், அந்த விலை உயர்ந்த சரக்கை இன்று அவர்களே மலிவுச் சரக்கு ஆக்கி வருகிறார்கள். எப்படி?

"இவ்வளவுதான் செய்வோம்!"

"லிமிடெட் எடிஷன்" என்று ஒரு விற்பனை முறை உண்டு. "இந்தக் கடிகாரத்தில் 1,000 மட்டுமே செய்வோம். அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்ய மாட்டோம்" என்று கம்பெனி அறிவிக்கும். ஒவ்வொரு கடிகாரத்தின் முதுகிலும் அதன் எண்ணைப் பொறிக்கும். 1,000-ல் 1, 1,000-ல் 2 என்று அந்த எண் போகும்.

வாங்குகிறவருக்கு என்ன தோன்றும்? "உலகம் முழுவதும் ஆயிரம் பேரிடம்தான் இது இருக்கும். அந்த ஆயிரம் பேரில் நானும் ஒருவன்!" என்று மகிழ்ச்சி பொங்கும். "இன்று விட்டால் இனி கிடைக்காது" என்ற அவசரமும் கூடவே வரும்.

இதில் தவறு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, முக்கியமான ஒரு காரணத்துக்காக இப்படிச் செய்தால் அது அழகு. ஊரில் தேர்த்திருவிழா வருவது போல! ஆனால், வாரந்தோறும் தேர் ஓடினால்? வடம் பிடிக்க யார் வருவார்கள்?

நிலவுக்குப் போன கடிகாரம்

இதற்கு ஒமேகா கம்பெனியின் "ஸ்பீடுமாஸ்டர்" கடிகாரம் நல்ல உதாரணம். இது 1957-ல் விற்பனைக்கு வந்தது. வெப்பம், குளிர், அதிர்ச்சி, அதிர்வு என்று பல கடுமையான சோதனைகள் செய்த பின், 1965-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதைத் தன் வீரர்களுக்குத் தேர்ந்தெடுத்தது.

1969 ஜூலையில் மனிதன் முதன் முதலாக நிலவில் கால் வைத்தான். ஆம்ஸ்டிராங் தன் ஸ்பீடுமாஸ்டரை ஓடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார். ஓடத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதாகி இருந்ததே காரணம். ஆல்டிரின் தன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே இறங்கினார். நிலவில் மணி காட்டிய முதல் கைக்கடிகாரம் அதுதான்.

1970-ல் அப்பல்லோ 13 விண்கலத்தில் விபத்து நேர்ந்தது. வீரர்கள் உயிர் பிழைத்துத் திரும்புவதே சந்தேகம் என்ற நிலை. பாதையைத் திருத்த 14 விநாடி மட்டும் எந்திரத்தை இயக்க வேண்டும். அந்த 14 விநாடியை எண்ணிக் கொடுத்தது இந்தக் கடிகாரமே!

இதைவிடப் பெரிய புகழ் ஒரு கடிகாரத்துக்கு வேறு என்ன வேண்டும்?

நிலவுப் பயணத்தைக் கொண்டாட, ஒமேகா தங்கத்தில் 1,014 கடிகாரங்கள் செய்தது. 1969 நவம்பரில் விருந்து வைத்து, விண்வெளி வீரர்களுக்கு அவற்றில் சிலவற்றைப் பரிசாக அளித்தது. முதல் கடிகாரம் அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுக்கு என்று ஒதுக்கப்பட்டது. "இவ்வளவு விலை உயர்ந்த பரிசை வாங்கக் கூடாது" என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்த 1,014-க்கு அர்த்தம் இருந்தது. செய்த செயல் பெரியது. பெற்றவர்களில் அந்தச் செயலைச் செய்தவர்களும் இருந்தார்கள்.

ஒரே நிலவு; எத்தனை விழா?

பிறகு நடந்ததைப் பாருங்கள்.

அந்த நிலவுப் பயணத்தின் 35-வது ஆண்டு என்று 2004-ல் ஒரு கடிகாரம் வந்தது. எண்ணிக்கை 3,500. 40-வது ஆண்டு என்று 2009-ல் இன்னொன்று. எண்ணிக்கை 7,969. 45-வது ஆண்டு என்று 2014-ல் மற்றொன்று. எண்ணிக்கை 1,969. பொன்விழா என்று 2019-ல் வேறொன்று. எண்ணிக்கை 6,969. அதே பொன்விழாவுக்குத் தங்கத்தில் மேலும் 1,014.

தங்கத்தை விட்டுவிட்டு, மற்ற நான்கையும் கூட்டினால் 20,407 வருகிறது! நிலவில் கால் வைத்தது ஒரு முறை. அதைக் கொண்டாட இத்தனை ஆயிரம் "அபூர்வ" கடிகாரங்கள்!

இதோடு முடிந்ததா? இல்லை. அப்பல்லோ 17-க்கு 2012-ல் 1,972 கடிகாரங்கள். 2017-ல் மறுபடியும் 1,972. இன்டர்நெட்டில் ரசிகர்கள் கொண்டாடும் "செவ்வாய்க்கிழமை" பெயரால் 2017-ல் 2,012. ஜப்பானிய டெலிவிஷன் வீரன் அல்ட்ராமேன் பெயரால் 2018-ல் இன்னும் ஒரு 2,012.

முதல் 2,012-ம் நாலே கால் மணி நேரத்தில் பதிவாகித் தீர்ந்தன. அடுத்த 2,012-ம் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. விற்றுத் தீர்ந்தால் கம்பெனிக்குக் கொண்டாட்டம். உடனே அடுத்ததைத் தயாரிக்கத் தோன்றும்.

ஒமேகா மட்டும் அல்ல. ஊப்லோ, பனராய் போன்ற கம்பெனிகளும் கால்பந்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று வெளியிட்டு வந்திருக்கின்றன.

ஒவ்வொரு வரிசைக்கும் எல்லை உண்டு. ஆனால், எத்தனை வரிசை வரும் என்பதற்கு எல்லை இல்லை! சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மாறுவது சட்டைதான்

ஒரு புதிய எந்திரத்தை உருவாக்குவது பெரிய வேலை. ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். ஏராளமாகப் பணம் செலவிட வேண்டும். டயலின் நிறத்தை மாற்றுவது அப்படி அல்ல. கறுப்பை நீலம் ஆக்கலாம். முள்ளை ஆரஞ்சு ஆக்கலாம். தோல் வாருக்குப் பதில் துணி வார் போடலாம். முதுகில் ஒரு படத்தைப் பொறிக்கலாம்.

2017-ல் வந்த கடிகாரத்திலும், 2018-ல் வந்த அல்ட்ராமேன் கடிகாரத்திலும் ஓடியது ஒரே வகை எந்திரம். கடையில் சாதாரணமாகக் கிடைத்த ஸ்பீடுமாஸ்டரில் ஓடியதும் அதேதான். உடல் ஒன்று, சட்டைதான் வேறு.

உண்மையிலேயே புதிய எந்திரம் வருவதும் உண்டு. 2019 பொன்விழாக் கடிகாரத்தில் அப்படி வந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், பத்து புதுச் சட்டைகளுக்கு நடுவே வரும் ஒரு புது எந்திரத்தை யார் கவனிப்பார்கள்?

கம்பெனிகளின் கஷ்டம்

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் ஒரு முறை அடிபட்டவர்கள்.

1969 டிசம்பர் 25-ந் தேதி, ஜப்பானின் சீகோ கம்பெனி "குவார்ட்ஸ்" கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பேட்டரியில் ஓடியது. சாவி கொடுக்க வேண்டியதில்லை. சுவிஸ் கடிகாரத்தைவிடச் சரியாக மணி காட்டியது. சில ஆண்டுகளில் அதன் விலையும் சரிந்தது.

சுவிட்சர்லாந்து ஆட்டம் கண்டது. 1970-ல் அந்த நாட்டின் கடிகாரத் தொழிலில் ஏறக்குறைய 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980-களின் நடுவில் அது 30,000 சொச்சமாகக் குறைந்தது. பரம்பரையாகக் கடிகாரம் செய்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அதிலிருந்து அவர்கள் மீண்டது எப்படி? "மணி பார்க்க ஜப்பான் கடிகாரம் போதும். ஆனால், எங்களுடையது கைவேலை, தலைமுறைச் சொத்து" என்று சொன்னார்கள். உலகம் அதை நம்பியது. நம்பிக்கைதான் அவர்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

இன்று வேறு நெருக்கடி. 2011-ல் சுவிட்சர்லாந்து ஏற்றுமதி செய்த கைக்கடிகாரங்கள் ஏறத்தாழ 3 கோடி. 2024-ல் அது சுமார் 1 கோடியே 53 லட்சம். எண்ணிக்கை பாதியாகிவிட்டது. ஆனால், ஏற்றுமதி வருமானம் கூடியிருக்கிறது. குறைந்த கடிகாரம், அதிக விலை என்பதே வழி என்று ஆகிவிட்டது. அதிக விலை கேட்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? எண்ணைப் பொறித்துக் காரணம் காட்டுகிறார்கள்.

ஏமாறுவது யார்?

2021 டிசம்பரில் ஒரு சேதி உலகத்தைச் சுற்றி வந்தது. பதெக் பிலிப் கம்பெனி, அமெரிக்காவின் டிஃபனி நகைக்கடைக்காக வெளிர் நீல டயல் போட்டு 170 கடிகாரங்கள் செய்தது. கடை விலை 52,000 டாலருக்குச் சற்று அதிகம். அதில் ஒன்று நியூயார்க்கில் தர்ம காரியத்துக்காக ஏலம் விடப்பட்டது. ஏலத்தில் போன விலை 65 லட்சம் டாலர்!

இந்த மாதிரிச் சேதியைக் கேட்டவர்களுக்கு ஆசை பிறந்தது. "எண் போட்ட கடிகாரம் வாங்கினால் நாளை பல மடங்கு ஆகும்" என்று நினைத்தார்கள். சிலர் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் கடனும் வாங்கினார்கள். 2022-ன் தொடக்கம் வரை பழைய கடிகாரச் சந்தை ஏறியது. அதன் பிறகு இறங்கியது. உச்ச விலையில் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

கோடீஸ்வரருக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. அவர் பெட்டியில் இருபது கடிகாரம் இருக்கும். அடிபடுவது வேறொருவர். இருபது ஆண்டு உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல கடிகாரம் வாங்குகிறாரே, அவர்தான்!

"இனி கிடைக்காது" என்ற வார்த்தையை அவர் நம்பினார். பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். அடுத்த ஆண்டு அதே கடிகாரம் வேறு நிறத்தில், வேறு எண்ணுடன் கடைக்கு வருகிறது. அவரிடம் கம்பெனி பொய் சொல்லவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால், அவர் மனத்தில் ஒரு கசப்பு விழுகிறது.

உண்மையான அபூர்வம்

சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் பிலிப் துஃபூர் என்ற கடிகாரக் கலைஞர் இருக்கிறார். 2000-ல் அவர் "சிம்பிளிசிட்டி" என்ற கடிகாரத்தை வெளியிட்டார். பெயருக்கு ஏற்ப எளிமையானது. மணி, நிமிடம், விநாடி காட்டும், அவ்வளவுதான். ஆனால், உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பாகத்தின் ஓரத்தைக்கூடக் கையால் தேய்த்து மெருகேற்றியிருப்பார். பல ஆண்டுகள் உழைத்தும் அவர் செய்து முடித்தவை சுமார் 200 தான்.

ஏன் அவ்வளவு குறைவு? விளம்பரத்துக்காக அல்ல. ஒரு மனிதனின் கையால் அதற்கு மேல் முடியாது! 2020-ல் அந்த வரிசையின் ஒரு கடிகாரம் ஜெனீவா ஏலத்தில் 10 லட்சம் பிராங்குக்கு மேல் விலை போனது.

கை தளர்ந்து நின்றால் அது உண்மையான எல்லை. காகிதத்தில் போட்ட எல்லையை அடுத்த மாதமே இன்னொரு காகிதம் தாண்டிவிடும்.

வழி இருக்கிறது

நிறம் மாற்றுவது குற்றம் அல்ல. நீலம் பிடித்தவர் நீலம் கட்டட்டும். பச்சை பிடித்தவர் பச்சை கட்டட்டும். அதை எண் போடாமல் விற்றால் என்ன? அப்பல்லோ 13 நினைவாக "ஸ்னூப்பி" நாய்ப் படம் போட்டு ஒமேகா 2003-ல் 5,441 கடிகாரமும், 2015-ல் 1,970 கடிகாரமும் வெளியிட்டது. 2020-ல் மூன்றாவது ஸ்னூப்பி வந்தபோது எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள்! கடிகாரம் நன்றாக இருந்தால் எண் எதற்கு?

ஆகவே, கம்பெனிகள் எண்ணை அளவோடு வைத்துக்கொள்ளட்டும். நூற்றாண்டு விழா, புதிய கண்டுபிடிப்பு என்று காரணம் பெரிதாக இருந்தால் மட்டும் எண் பொறிக்கட்டும். ஒரு நிகழ்ச்சியை ஒரு முறை கொண்டாடியபின் நிறுத்திக்கொள்ளட்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கடிகாரத்தின் முதுகில் உள்ள எண்ணைப் பார்க்கும் முன், முகத்தைப் பார்க்க வேண்டும். "இந்த எண் இல்லாவிட்டாலும் இதை வாங்குவேனா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். "ஆம்" என்று மனம் சொன்னால் வாங்கலாம். "இல்லை" என்றால், பணம் பத்திரமாக இருக்கட்டும்.

எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார் என்பார்கள். எல்லாக் கடிகாரமும் அபூர்வம் என்றால், எதுவுமே அபூர்வம் இல்லை. சுவிஸ் கம்பெனிகளை ஒரு முறை காப்பாற்றியது ஜனங்களின் நம்பிக்கை. அதற்கு எண் போட்டு இரண்டாவது வரிசை வெளியிட முடியாது!