துரைக்குப் பட்டம், கூலிக்குப் பனிக்குழியா?

"எவரெஸ்டை மனிதன் வென்றான்" என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லுகிறது. பெரிய பத்திரிகைகளும் அதையே பாடுகின்றன. எந்த மனிதன் வென்றான்? அவனுடைய சோற்றையும் கூடாரத்தையும் சுமந்தவர் யார்? வழியில் செத்தவர் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளுக்கு அங்கே பதில் கிடையாது. பஞ்சாலையில் நூல் நூற்பவனும், வயலில் நாற்று நடுபவளும் இவற்றைக் கேட்டாக வேண்டும். ஏனென்றால் இது கூலி உழைப்பின் கதை.

பெயரிலேயே தொடங்கிய அநீதி

திபெத்து மக்கள் அந்த மலையைச் சோமோலுங்மா என்று அழைத்து வந்தார்கள். 1865இல் லண்டனிலிருந்த பூகோளச் சங்கம் அதற்கு எவரெஸ்ட் துரையின் பெயரைச் சூட்டியது. நில அளவை இலாகாவின் தலைவராக இருந்து 1843இல் ஓய்வு பெற்றவர் அவர். தம் பெயரை வைப்பது பொருந்தாது என்று அவரே சொல்லியும் கேட்கவில்லை!

அந்த மாபெரும் நில அளவை 1802இல் நம் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது. அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை மலைக்கு மலை தூக்கிச் சென்றவர்கள் இந்நாட்டுக் கூலிகள். சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதில் முதன்மையானவர் வங்காளி ராதாநாத் சிக்தார். அவரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1843இல் டேராடூனில் ஒரு வெள்ளை மாஜிஸ்டிரேட், இலாகாக் கூலிகளைத் தன் சொந்த வேலைக்குப் பிடித்து வாட்டினான். சிக்தார் எதிர்த்து நின்றார். கோர்ட்டு தண்டித்தது யாரை? சிக்தாரை! 200 ரூபாய் அபராதம்!

ஏழு பேர் எங்கே?

1922 ஜூன் 7. பிரிட்டிஷ் குழு மூன்றாம் முறையாக மேலே கிளம்பியது. புதுப்பனி கொட்டிக் கிடந்தது. மாலரி, சாமர்வெல், கிராஃபோர்டு என்ற மூன்று வெள்ளையர். அவர்களுக்குப் பின்னால் சுமையோடு பதினான்கு கூலிகள். பனிச்சரிவு வந்தது. துரைமார் மூவரும் பிழைத்தார்கள். கூலிகள் ஏழு பேர் பனியில் புதைந்து செத்தார்கள்.

மூவரில் சாமர்வெல் ஒரு டாக்டர். பிற்பாடு குமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். வெள்ளையரில் ஒருவர்கூட அன்று சாகாமல் போனோமே என்று மனம் நொந்து எழுதியவர் அவர். தனி மனிதரிடம் நல்ல நெஞ்சு இருக்கலாம். ஆனால் ஏற்பாடு மாறியதா? இரண்டே ஆண்டில் அடுத்த குழு புறப்பட்டது. சுமை மறுபடி கூலியின் முதுகில்தான்!

1924இல் மாலரியும் இர்வினும் மலையில் மறைந்தார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் மன்னரே வந்து பிரார்த்தனையில் அமர்ந்தார். அதே பயணத்தில் செத்தவர் மன்பகதூர். குழுவுக்குச் செருப்புத் தைத்தவர். பனி அவர் பாதங்களைத் தின்றது. அவருக்காக எந்தப் பாட நூல் அழுதது?

கார் ஷெட்டில் படுத்த வீரர்கள்

1953 வந்தது. ஹண்ட் தலைமையில் ஒரு குழு. பத்தாயிரம் பவுண்டு எடையுள்ள மூட்டை முடிச்சுகளைத் தூக்க 350க்கும் மேற்பட்ட கூலிகள். காட்மாண்டு பிரிட்டிஷ் தூதரகத்தில் துரைமாருக்கு அறைகள். ஷெர்ப்பாக்களுக்கோ பழைய குதிரை லாயமாயிருந்த கார் ஷெட்! கக்கூஸ்கூடக் கிடையாது. மானமுள்ள ஷெர்ப்பாக்கள் மறுநாள் காலை அந்தக் கட்டிடத்தின் முன்னாலேயே வரிசையாக நின்று சிறுநீர் கழித்துத் தங்கள் பதிலைச் சொன்னார்கள்.

மே 29 அன்று டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியில் நின்றார்கள். டென்சிங் 1935இல் சுமைகூலியாகச் சேர்ந்தவர். ஏழாவது தடவையாக அம்மலைக்கு வந்தவர். ஹண்டுக்கும் ஹில்லாரிக்கும் 'சர்' பட்டம். டென்சிங்குக்கு ஒரு மெடல்! பத்திரிகைகளோ "யார் கால் முதலில் பட்டது?" என்று அலைந்தன. ஹில்லாரிதான் முதலில் என்று டென்சிங்கே பின்னர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஒரே கயிற்றில் கட்டுண்ட இருவருக்குள் அந்தப் போட்டி இருக்கவில்லை. போட்டி மூட்டியது பத்திரிகை வியாபாரம்.

நாற்பதாயிரம் ரூபாய்

ஏகாதிபத்தியம் போனபின் கம்பெனிகள் வந்தன. பணமுள்ளவனை உச்சிக்குக் கூட்டிப் போவது ஒரு தொழிலாயிற்று. கும்பு பனியாற்றில் வீடுபோன்ற பனிப்பாளங்கள் எந்நேரமும் சரியும். பணம் கட்டியவர் அதைச் சில தடவை கடந்தால் போதும். ஏணி, கயிறு, பிராணவாயு, சமையல் பாத்திரம் எல்லாம் சுமக்கும் தொழிலாளி திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும்.

2014 ஏப்ரல் 18 காலை பனிப்பாளம் இடிந்தது. பதினாறு பேர் மாண்டார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மூவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அனுமதிக் கட்டணமாகக் கோடி கோடியாய் வசூலித்த சர்க்கார், ஈமச் செலவுக்கென்று ஒரு குடும்பத்துக்கு நீட்டிய தொகை 40,000 நேபாள ரூபாய்!

தொழிலாளர்கள் பொறுக்கவில்லை. அடிவார முகாமில் கூடினார்கள். கோரிக்கைகளை எழுதினார்கள். இவ்வாண்டு மேலே ஏறமாட்டோம் என்றார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தைச் சுருட்டின. சர்க்கார் இறங்கி வந்தது. கட்டாய ஆயுள் இன்ஷூரன்ஸ் 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. கேட்டது 20 லட்சம். கேட்ட உயர்வில் கிடைத்தது பாதிதான். அந்தப் பாதியும் கருணையால் வந்ததா? வேலைநிறுத்தத்தால் வந்தது!

"மற்ற நேபாளிகளைவிட இவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்களே, பிறகு என்ன குறை?" என்று சில கனவான்கள் கேட்டார்கள். பழகிய குரல்! போனஸ் கேட்கும் ஆலைத் தொழிலாளியிடம் "வயற்காட்டுக் கூலியைப் பார்" என்பான் முதலாளி. நெல் கூலி கேட்கும் விவசாயத் தொழிலாளியிடம் "வேலையே இல்லாதவனைப் பார்" என்பான் பண்ணையார். வறுமையை வறுமையோடு ஒப்பிடுகிறார்கள். லாபத்தோடு ஒப்பிட மாட்டார்கள். மேலே போவதற்கு ஒரு பயணி கட்டும் பணத்தோடு, செத்தவன் வீட்டுக்கு வந்த பணத்தை வைத்துப் பாருங்கள். அப்போது கணக்கு தெரியும்.

தோழர்களே! மலையேறும் துணிச்சலை நாம் பழிக்கவில்லை. உயரம் தேடுவது மனித குலத்தின் பெருமை. அந்தப் பெருமையில் சுமந்தவனுக்கும் சம பங்கு வேண்டும். அவன் உயிருக்கும் சம மதிப்பு வேண்டும். சுமப்பவன் சுமையை இறக்கி வைத்தால், உலகத்தின் உச்சிக்கே ஆள் போக முடியாது. ஷெர்ப்பாத் தொழிலாளி அதை 2014இல் நிரூபித்துவிட்டான். நம் ஆலைக்கும் வயலுக்கும் அந்தப் பாடம் பொருந்தும். ஒன்றுபடுவோம்!