அச்சம் கணினி மீதா, ஆங்கிலத்தின் மீதா?

"கணினி ஆங்கிலம் படித்தவர்க்கே உரியது" எனப் பெற்றோர் பலர் இன்றும் ஒதுங்குகின்றனர். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வகுப்புகள் இணையத்திற்கு மாறியதும், அவர்கள் பிள்ளைகளின் உதவியையே எதிர்பார்த்து நின்றதைக் கண்டேன். குற்றம் அவர்களுடையதா? இல்லை! கற்பிக்கும் முறையே குற்றமுடையது. தமிழ் மட்டும் அறிந்தவரை அமர்த்தி, 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்வது என்ன முறை?

தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறம்; மெய்கள் வலப்புறம். 'க'வையும் 'ஆ'வையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கா'. இது முதலாம் ஆண்டுப் பாடமன்றோ! 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடும்.

ஆசிரியர்களே, பெற்றோருக்கு முதற்பாடம் தம் பெயரைத் தமிழில் தட்டுவதாகட்டும். தடுமாறினால் சுட்டெலியைப் பிடுங்காதீர்கள், பொறுத்திருங்கள். பிள்ளை இணையத்தில் எதைப் பார்க்கிறது என்று அறியப் பெற்றோர்க்கு அச்சம் நீங்க வேண்டும். அவ்வச்சம் தமிழால்தான் நீங்கும்.