ஆர்சனிக்குக்கு ஆர்.ஓ. ஒன்றுதான் வழியா?

குடிநீரில் ஆர்சனிக் இருந்தால் ஆர்.ஓ. இயந்திரம்தான் தீர்வு, வடிகட்டிப் பொருள்களை நம்புவது வெறும் கைவைத்தியம் என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கோடிக்கணக்கானோர் அடிகுழாய்த் தண்ணீரை நம்பி வாழ்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் இந்தப் பேச்சு தவறு மட்டுமல்ல, கேடும்கூட.

ஆர்.ஓ. சவ்வு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்கிறார்கள். நீரில் கரைந்த சிறு பொருள்களில் மின்னூட்டம் உள்ளவற்றைத்தான் அது நன்றாகத் தடுக்கும். காற்றுப் புகாத நிலத்தடி நீரில் ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஆர்சனைட் வடிவில் இருக்கிறது. கிணற்று நீரின் இயல்பான அமில, காரத் தன்மையில் ஆர்சனைட்டுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் அதில் கணிசமான பங்கு சவ்வைத் தாண்டி வந்துவிடுகிறது. வடிகட்டிகளில் பயன்படும் இரும்பு ஆக்சைடோ மின்னூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்கிறது.

அப்படி ஒட்டிய ஆர்சனிக் கழன்று வந்துவிடாதா என்பது இரண்டாவது வாதம். கரியில் வாசனை ஒட்டுவது போல இதையும் நினைப்பதால் வரும் பயம் இது. இங்கே ஆர்சனிக்கும் இரும்பும் ஆக்சிஜன் வழியாக வேதிப் பிணைப்பே கொள்கின்றன. சாதாரணக் குடிநீர் ஓடுவதால் அது எளிதில் அறுந்துவிடாது.

இத்தகைய வடிகட்டி கிராமத்துக்கு ஒத்துவராது என்பது மூன்றாவது வாதம். வங்கதேசத்தின் சோனோ வடிகட்டியைப் பாருங்கள். மேல் வாளியில் ஆற்று மணலும் பதப்படுத்திய இரும்புத் துருவலும். கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் சல்லி. மின்சாரம் வேண்டாம். இதை உருவாக்கிய அபுல் ஹுசாமுக்கு 2007-இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு, 10 லட்சம் டாலர், கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி.பிரதீப் குழுவினர் நானோ அமைப்புள்ள இரும்புச் சேர்மத்தைக் கொண்டு உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டி மேற்கு வங்கக் கிராமங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ.வோ நல்ல தண்ணீர் தருவதைவிட அதிகமான நீரை, ஆர்சனிக்கோடு சேர்த்து, வாசலில் கொட்டுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த வடிகட்டிப் பொருள்களில் ஆர்சனிக் ஒட்டும் இடம் ஒரு நாள் நிரம்பிவிடும். தண்ணீரில் பாஸ்பேட் மிகுந்திருந்தால் அது ஆர்சனிக்கோடு போட்டியிட்டு இன்னும் சீக்கிரம் நிரப்பிவிடும். நிரம்பியதை நாக்கு சொல்லாது. ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. வடிகட்டிகள் தோற்றுப்போன பல ஊர்களில் தோற்றது பராமரிப்புதான்.

உங்கள் ஊரில் இப்படியொரு வடிகட்டி வந்தால், ஊராட்சியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளிருக்கும் பொருளை எப்போது மாற்றுவீர்கள்? லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று யார் சோதிப்பார்கள்?