62 என்று எழுதிவிட்டால் ஒரு பிள்ளை முடிந்தானா?

கலசப்பாக்கத்து ஜெராக்ஸ் கடை ஒன்றில் போன வாரம் கேட்ட பேச்சு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி, மதிப்பீட்டு முகாமில் கொடுத்த தாளை நகலெடுக்க நீட்டினார். கூடவே பேரன், பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். என் பக்கத்தில் நின்ற பெரியவர், நன்றாகப் படித்தவர், அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "ஐக்யூ 62தானா? அவ்ளோதாம்மா. இதுக்கு மேல இவனுக்கு எதுவும் ஏறாது. பள்ளிக்கூடம்னு அலையாத, ஆடு மேய்க்க விடு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம், "ஆதார்ல ரெண்டு, ரேஷன் கார்டுல ரெண்டு, இதுல மூணு போடுங்கண்ணா. ஒண்ணு ஸ்கூல்ல கேப்பாங்க" என்றான். காசை எண்ணிக் கொடுத்தான். மீதியைச் சரிபார்த்து வாங்கினான். "வா ஆயா, போளூர் பஸ்ஸ விட்டா மலைக்கு வண்டி கெடைக்காது" என்று பாட்டியைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனான். எந்த அலுவலகத்தில் எத்தனை நகல் கேட்பார்கள் என்று தெரிந்த பிள்ளை அவன். அது எனக்கே தெரியாது, அந்தப் பெரியவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தாளில் அவன் 62.

பெரியவர் சொன்னது அவர் ஒருவருடைய கருத்து என்றால் விட்டுவிடலாம். நாட்டில் பாதிப் பேர் மனதுக்குள் நம்புவதை அவர் வாய்விட்டுச் சொன்னார். உயரத்தை அளப்பதுபோல அறிவையும் அளந்துவிடலாம், அளந்த எண் ஆயுளுக்கும் மாறாது, அந்த எண்ணைத் தாண்டிப் பிள்ளை போகமாட்டான் என்பது அந்த நம்பிக்கை. வாத்தியார் நம்புகிறார், மாமா நம்புகிறார், சம்பந்தம் பேச வருகிறவர் நம்புகிறார். படிப்பு ஏற ஏற இந்த மூடநம்பிக்கையும் ஏறுகிறது. பல்லி சொல்லும் பலனை நம்புகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஒரு மணி நேரத் தேர்வில் வந்த எண்ணைக் கேட்டதும் கைகட்டி நிற்கிறார்கள்.

இந்த ஐக்யூ தேர்வைத் தொடங்கிவைத்தவரே இப்படி நம்பவில்லை. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் தங்கள் அளவுகோலை வெளியிட்டதற்குக் காரணம், வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது. பிறந்தபோது இருந்த அறிவு அப்படியேதான் இருக்கும், வளராது என்று பேசியவர்களைக் கண்டித்து 1909இல் பினே எழுதினார். பயிற்சி கொடுத்தால் அறிவு வளரும் என்றார். 1911இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உடல் வயதால் வகுத்து அறிவு ஈவு, அதாவது ஐக்யூ, என்றார். 1916இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி ஊரெங்கும் பரப்பினார். கைகொடுக்க வந்த தேர்வு கழித்துக்கட்டும் தேர்வாயிற்று.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரிந்த கதைதான். 1927இல் வர்ஜீனியாவின் கேரி பக் என்ற இளம்பெண்ணை அறிவு மந்தம் என்று முத்திரை குத்தி, அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியது. அவருடைய அம்மாவும் மந்தம், கைக்குழந்தையாக இருந்த மகளும் மந்தம் என்று மூன்று தலைமுறைக்கும் சேர்த்து முடிவுகட்டினார்கள். அந்த மகள் வளர்ந்து பள்ளிக்குப் போனாள், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் இடம்பிடித்தாள். 1979இல் கலிஃபோர்னியாவில் லாரி பி. வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளை ஐக்யூ தேர்வை வைத்துத் தனி வகுப்புக்குத் தள்ளக்கூடாது என்று நீதிபதி ராபர்ட் பெக்கம் தடை போட்டார். அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறிய பாவத்தை நாம் ஜெராக்ஸ் கடையில் நின்று செய்துகொண்டிருக்கிறோம்.

இங்கே புழங்கும் தேர்வுகளைப் பாருங்கள். பினே-காமத் தேர்வு 1930களில் தார்வார்ப் பக்கத்தில் வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து அமைத்தது. மாலின் தேர்வு 1969இல் நாக்பூரில் அமெரிக்க வெக்ஸ்லர் தேர்வைத் தழுவிச் செய்தது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, சாமைக் காட்டிலும் புளிய மரத்தடியிலும் வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு இந்த இரண்டிலும் இடம் எங்கே இருந்தது? அவனை யாருடன் ஒப்பிட்டு 62 போட்டார்கள்?

ஒப்பீடு மட்டுமல்ல, கேள்வியிலேயே சிக்கல் உண்டு. 1931இலும் 1932இலும் ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானுக்குப் போனார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை நான்கையும் காட்டி, இதில் எது சேராதது என்று எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களிடம் கேட்டார். பள்ளிக்கூடம் போனவன் கட்டையைத் தள்ளிவைப்பான், மற்ற மூன்றும் கருவி என்பான். உழவர்களோ நான்கும் வேண்டும் என்றார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிழைப்புக்கு அதுதான் சரியான பதில். தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஜவ்வாது மலையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று அடித்துச் சொல்வேன்.

சரி, 70க்குக் கீழே வந்தால் குறைபாடு என்ற கோட்டைக் கடவுளா போட்டார்? 1961இல் அமெரிக்க அறிவுக் குறைபாட்டுச் சங்கத்தின் கையேட்டில் கோடு 85க்கு அருகில் இருந்தது. 1973இல் அதே சங்கம் அதை 70க்கு இறக்கியது. முந்தின நாள்வரை குறைபாடு உள்ளவர் என்று ஒதுக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்கள், மருந்தில்லாமல், மாயமில்லாமல், ஒரு கூட்டத் தீர்மானத்தால் சரியாகிவிட்டார்கள். எந்த நல்ல தேர்விலும் ஐந்து புள்ளி முன்னே பின்னே வரும் என்று தேர்வு செய்கிறவர்களே சொல்கிறார்கள். பிள்ளை பசியோடு வந்தானா, மலைப் பாதையில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தானா, முன்பின் தெரியாதவர் முன்னால் வாய் திறக்கக் கூசினானா? இதெல்லாம் அந்த 62இல் எங்கே எழுதியிருக்கிறது?

நம் சட்டமே இந்த எண் மட்டும் போதாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி, சிந்திப்பதிலும் கற்பதிலும் பெரிய குறை இருக்க வேண்டும், அதோடு அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் பெரிய குறை இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவுசார் குறைபாடு. உடுத்துவது, உண்பது, காசு புழங்குவது, வழி தெரிந்து போய் வருவது, நாலு பேரோடு பழகுவது எல்லாம் அந்த இரண்டாவதில் அடக்கம். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பையன் எல்லார் முன்னாலும் செய்து காட்டியது இதைத்தான். அந்தப் பெரியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்ததை நம்பாமல் தாளை நம்பினார்.

வாழ்க்கைத் திறனை அளக்க இங்கே வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைக் கையாள்கிறார்கள். 1935இல் எட்கர் டால் அமெரிக்காவில் செய்தது 117 கேள்விகள் கொண்டது, மாலின் இந்தியாவுக்குத் தழுவியது 89 கேள்விகள். 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் ஊன விழுக்காடு இந்த அளவுகோலின் மதிப்பெண்ணை வைத்தே முடிவானது. 69 வந்தால் 50 விழுக்காடு. 70 வந்தால் 25 விழுக்காடு. பயன்பெற 40 வேண்டும் என்பதால் ஒரே புள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சலுகை போய்விடும் நிலை இருந்தது. இவ்வளவு கனம் தாங்கிய ஓர் அளவை, நெரிசலான முகாமில் வரிசையில் நிற்கும் அம்மாவிடம் அவசரமாக நாலு கேள்வி கேட்டு முடித்தால் அதற்குப் பெயர் மதிப்பீடா? வீட்டில் என்ன செய்கிறான், காட்டில் என்ன செய்கிறான், புளி எடை போடும்போது தராசை எப்படிப் பார்க்கிறான் என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? கேட்டிருந்தால், நகல் கணக்குச் சொன்ன அந்தப் பையன் தாளில் வேறு ஆளாகத் தெரிந்திருப்பான்.

இதே எண், உதவி வேண்டிய பிள்ளையையும் கைவிடுகிறது. ஐக்யூ 78 என்று வந்துவிட்ட பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, தனியாகச் சாலை கடக்க முடியாது என்று தாய் அழுதாலும், எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். திறன் இருக்கிறவனுக்கு இல்லை என்று சொல்வதும் இதே எண், தவிக்கிறவனைப் பார்க்க மறுப்பதும் இதே எண்.

பள்ளிக்கூடங்களையும் சும்மா விடமுடியாது. கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே 'மெல்ல மலரும் மாணவர்' பட்டியலில் பெயரை ஏற்றிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறார்கள். சிறப்புப் பயிற்றுநர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி பள்ளியாக ஓடவிட்டு, எல்லாப் பிள்ளையையும் தனித்தனியாகக் கவனி என்கிறது அரசு. பஸ் போகாத மலைக் கிராமத்துக்கு அவர்கள் எதில் போவார்கள்? இன்னொரு பக்கம், ஐன்ஸ்டீனை மிஞ்சிய ஐக்யூ என்று சிறுவர்களின் படத்தைச் செய்தித்தாள்கள் போடுகின்றன. ஐன்ஸ்டீன் அப்படி ஒரு தேர்வு எழுதியதாகப் பதிவே இல்லை. கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கிறோம், நடுமூளையைத் தூண்டுகிறோம் என்று கடை விரித்தவர்களிடம் காசைக் கொட்டியதும் இதே படித்த கூட்டம்தான். மேலே 160 என்று கொண்டாடுகிற வாய்தான் கீழே 62 என்று காறித் துப்புகிறது.

1969இல் அமெரிக்க அதிபரின் குழு ஒன்று, ஆறு மணி நேரம் மட்டும் குறைபாடுள்ள குழந்தை என்று ஓர் அறிக்கைக்குத் தலைப்பிட்டது. பள்ளி நேரத்தில் மந்தம், வீட்டிலும் தெருவிலும் கெட்டிக்காரர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் மலையடிவார ஊர்களில் எத்தனை பேர்! ஆறு மணி நேரத்தில் தெரியும் குறை பிள்ளையுடையதா, பள்ளிக்கூடத்துடையதா?

தாளை வாங்கும் தாய்மாரே, பாட்டிமாரே, கேளுங்கள். என்ன தேர்வு வைத்தீர்கள்? பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் கேட்டீர்களா? கண்ணும் காதும் பார்த்தீர்களா? வீட்டில் அவன் செய்கிற வேலைகளை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்? உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் சான்று வேண்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள், அது உங்கள் உரிமை. இனி ஏறாது என்று யாராவது அந்தத் தாளைக் காட்டிச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. ஆடு மேய்க்க விடு என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.