எல்லாம் ஒன்று என்பது யாருக்கு வசதி?

பதஞ்சலி, சங்கரர், திருமூலர், ரமணர் எல்லோரும் காட்டியது ஒரே ஆத்மஞானம்தானாம். அதில் பேதம் பார்ப்பவன் குறுகிய மனத்தானாம். சென்ற இதழ்க் கட்டுரையாளரின் தீர்ப்பு இது. இவ்வளவு விரிந்த மனம் படைத்தவர் மூல நூல்களையும் சற்றே விரித்துப் பார்த்திருக்கலாம்.

யோக சூத்திரத்தில் 200 சூத்திரங்கள்கூட இல்லை. அது சொல்லும் முடிவு, புருஷன் பிரகிருதியை விட்டு விலகித் தனித்து நிற்பது. புருஷர்களோ பலர். ஒருவர் விடுபட்டாலும் மற்றவர்களுக்கு உலகம் அப்படியேதான் இருக்கிறது. கட்டுரையாளர் சொல்லும் 'பிரம்மத்தில் கலப்பது' இதில் எங்கே வருகிறது?

சங்கரருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. பிரம்ம சூத்திர உரையில், இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், சாங்கியரும் யோகியரும் துவைதிகள், ஆன்மா ஒன்றே என்பதைக் காணாதவர்கள் என்று சொல்லி மறுக்கிறார். திருமூலரோ பதி, பசு, பாசம் மூன்றையும் அநாதி என்கிறார். இந்த மூவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒரே பாயசத்தை ஊற்றுகிறார் நம்மவர்.

ரமணரை இழுத்திருப்பதுதான் உச்சம். 'உபதேச உந்தியார்' முப்பதே பாட்டு. மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும்; ஆனால் மறுபடி எழும், அழியாது என்று அதில் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறார். கங்கைக் கரை யோகி ஒருவரின் கதையையும் அவர் சொல்வதுண்டு. சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தவர், தலைமுறைகள் கழிந்தபின் கண்விழித்துக் கேட்ட முதல் கேள்வி: தண்ணீர் எங்கே? அத்தனை காலம் ஒடுங்கியிருந்தும் ஒரு தாகம்கூட அழியவில்லை. எல்லா வழியும் ஒன்றே என்று நினைத்தவர் சொல்கிற கதையா இது? கன்மம், பக்தி, யோகம், ஞானம் நான்குக்கும் அந்நூலில் இடமுண்டே என்பார். உண்டு, படிவரிசையில். படிகளைச் சமதளம் என்று நினைத்து நடந்தால் தடுக்கி விழவேண்டியதுதான்.

போகட்டும், இந்த நால்வழிப் பட்டியல் 'ஆதிகாலம் தொட்டு' வருவதாமே! கர்மம், பக்தி, ஞானத்தோடு ராஜயோகத்தையும் சேர்த்து இன்றைய வடிவில் பரப்பியவர் விவேகானந்தர். 1895-96இல், நியூயார்க் சொற்பொழிவுகளில். அவருக்குரிய பெருமையை அவருக்கே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த தவணையில் புத்தரும் இதையே சொன்னார் என்று நிரூபிக்கப்போகிறாராம். நிலையான ஆன்மா என்று ஒன்றை ஏற்காதவரை ஆத்மஞானிகளின் வரிசையில் எப்படி நிறுத்துகிறார் என்று பார்க்கவே அந்த இதழை வாங்குவேன்.